முன்னாடி கத்தாத வண்டி

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். அங்கன்வாடிக்கு ஒன்பது பிள்ளைகள்தான். முட்டை மிச்சம். கொடி முழுக்க ஈரத்துணி.

சாயங்காலம் மனுஷன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஜீப்பக் குடுத்துட்டு வீட்டுக்குன்னு ஒரு வண்டி வாங்குவோம் ஈஸ்வரி. பழசுதான். கொஞ்சம் ஒசரமா, அஞ்சு பேர் ஒக்கார்ற மாதிரி."

என் காதில் ஏதும் கோளாறோ என்று இருந்தது. ஜீப்பையாவது, இவர் கொடுப்பதாவது! ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் கம்பம்மெட்டு ஏறி இறங்குகிற ஜீப். கல்யாணத்துக்கு முந்தியே ஓட்ட ஆரம்பித்தது. பன்னிரண்டு பெண்கள், எல்லாரும் காய் பறிக்கிறவர்கள். இருட்டோடு கூட்டிப் போய், சாயங்காலம் அவரவர் தெருவில் இறக்கிவிட்டுத்தான் வீடு திரும்புவார். என்னோடு பேசியதைவிட அதோடு பேசியதுதான் அதிகம்.

என்ன திடீரென்று என்றேன். "ஒனக்கு முட்டி வலிக்குதுல்ல. ஜீப்புல ஏற முடியலைல்ல." பல வருஷமாக வலிக்கிற முட்டி இன்றைக்குத்தான் இவர் கண்ணில் பட்டதாக்கும்.

மகளுக்கு மாசியில் பிரசவம், தேனிக்கும் கம்பத்துக்கும் அலைய வேண்டியிருக்கும் என்றார். அது நியாயம். சரி என்றேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஏசி வண்டி!

வாங்க வேண்டியது: ரவை, துணிசோப்பு, சர்க்கரை மாத்திரை (அவருக்கு), மாத ரிப்போர்ட்டுக்குத் தாள்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. வண்டி எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியது. எழுத்து வேலை எப்போதும் என்னுடையது. இப்போதெல்லாம் பேப்பரையும் என்னையே வாசிக்கச் சொல்கிறார், சோம்பேறி.

– டீசல்
– தரையிலிருந்து நல்ல உயரம்
– ஒரே ஓனர்
– முன் கண்ணாடி அகலமாக
– லைட் பளிச்சென்று
– பின்னால் கேமரா
– முன்னாடி ஏதாவது வந்தால் கத்த வேண்டும்

கடைசியைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். கத்துறதுக்குத்தான் நான் இருக்கேன்ல, வண்டி வேற கத்தணுமா என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"குறுக்க ஆளு, மாடு வந்தா பீப் பீப்னு சொல்லுமாம்ல. புது வண்டியெல்லாம் அப்பிடித்தானாம். தோட்டத்து முதலாளி சொன்னாக."

ஹாரன்கூட பாதி நாள் அடிக்காத ஜீப்பை இத்தனை வருஷம் ஓட்டியவர் பேசுகிற பேச்சைப் பாருங்கள்.

நவம்பர் 8, சனி

சனிக்கிழமை வண்டி வாங்கக் கூடாது, பார்க்கலாம். முதலில் குச்சனூர். சனீஸ்வரனுக்கு எள் விளக்கு. கூட்டம், வரிசை, என் செருப்பில் யாரோ மிதித்து வார் அறுந்தது. அங்கிருந்து சின்னமனூர். பஸ்ஸில்தான். வாசலில் ஜீப் நிற்க, பஸ் எதற்கு என்றால் டீசல் வீணாம்.

சின்னமனூரில் சிவப்பு வண்டி. ஒரு பழைய கார் வியாபாரி. அழகான வண்டி. சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வரவில்லை.

இவர் வண்டி பார்க்கிற விதமே தனி. எஞ்சினை ஓடவிட்டு மேலே உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். கியரை இரண்டு தரம் மாற்றச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எஞ்சின் சுத்தம். கிளட்ச்சு மட்டும் மலையேறித் தேஞ்ச கிளட்ச்சு. இது ஊருக்குள்ள ஓடுன வண்டி இல்ல" என்றார். வியாபாரி ஒத்துக்கொண்டான். போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் ஓடிய வண்டியாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு கேட்டார் பாருங்கள்.

"சென்சாரு இருக்கா?"

"பின்னாடி இருக்கு சார்."

"முன்னாடி?"

"முன்னாடி நாமதான சார் பாக்கணும்."

வியாபாரி சிரித்தான். இவர் முகம் செத்துப்போனது. வேண்டாம் என்று கிளம்பிவிட்டார். அவ்வளவு நல்ல வண்டியை, கத்தாது என்பதற்காக!

திரும்பி வரும்போது பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். கால் வலி.

நவம்பர் 9, ஞாயிறு

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

பழனிசெட்டிபட்டி. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த வண்டி, வெள்ளை. மகனிடம் கோயம்புத்தூருக்கே குடி போகிறார்களாம், அதனால் விற்கிறார். காபி கொடுத்தார்கள். சர்க்கரை தூக்கல்.

இவர் வழக்கம்போல எஞ்சின், ஆயில், சத்தம். "சார் ஓட்டுங்க, நான் கேட்டுக்கிட்டு வாரேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று. வந்ததும் நான்கடி தள்ளி நின்று வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெயிண்ட்டு எங்கயும் தொடல சார். அப்பிடியே கம்பெனி பெயிண்ட்டு."

இடது பின் கதவு அவருக்கு நேரே இருந்தது. வண்டி முழுக்கப் பால் வெள்ளை. அந்தக் கதவு மட்டும் துவைத்துத் துவைத்துப் பழுத்த வேட்டி நிறம். எங்கள் அங்கன்வாடிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

பேங்க்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார்.

இவர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, அந்தக் கதவு மாத்துனது. கேட்ல ஒரசிருச்சு. நானே சொல்லணும்னுதான் இருந்தேன், அதுக்குள்ள சார் அப்பிடிச் சொல்லிட்டாக. தப்பா நினைக்காதீக. சாருக்குக் கண்ணு எங்கயும் காட்டுனீகளா?"

வெயில் கூசும் அவருக்கு என்றேன். வானம் மூடிக் கிடந்தது.

பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்போது ஒரு போர்டைக் காட்டி, அதுல என்ன எழுதியிருக்கு, சீக்கிரம் சொல்லுங்க என்றேன். "வாசிக்க ஒனக்குக் கண்ணில்லையா?" என்று சிடுசிடுத்தார்.

நாளைக்கு அந்தப் பன்னிரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு மலையேறப் போகிறவர்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் தடுக்க வாய் வரவில்லை. சந்தேகம்தானே, தப்பாக இருக்கட்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டு அனுப்பினேன். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு முட்டை வைக்க மறந்தேன்.

சாயங்காலம் ஜீப் பேச்சியை இறக்கிவிட்டுப் போன பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். ஜீப்பில் எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவள். கை காலெல்லாம் தோட்டத்துச் சேறு, இன்னும் கழுவவில்லை. சுற்றி வளைக்கவில்லை. அண்ணனுக்குக் கண்ணு தெரியுதா தெரியலையா என்றேன்.

அவள் அழுதுவிட்டாள்.

"அண்ணன வையாதீக மதினி. ஆடியிலருந்தே இப்பிடித்தான். நாந்தான் பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்கிட்டு வாரேன். லாரி வருது, பைக்கு வருது, மாடு நிக்கிதுன்னு. வளைவெல்லாம் அவுகளுக்கே மனப்பாடம்."

மத்தவகளுக்குத் தெரியுமா என்றேன். எல்லாருக்கும் தெரியுமாம்! பன்னிரண்டு பேரும் தெரிந்தே ஏறியிருக்கிறார்கள். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"கொழுப்பாடி ஒங்களுக்கு? புள்ள குட்டி இல்லையா?" என்று கத்தினேன்.

"வேற ஜீப்புல இருவது பேர அடைக்கிறாக மதினி. கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போறாளுக. அண்ணன் பன்னெண்டுக்கு மேல ஒரு ஆள ஏத்த மாட்டாக. மெதுவாப் போவாக. ஒடம்புக்கு முடியலைன்னா தோட்டத்துல பேசி வீட்டுல கொண்டாந்து விடுவாக. அவுகள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

கோபம் அப்படியே இருக்கிறது. அவள் மேல் அன்பும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மறைக்கவில்லை. சட்டைப் பொத்தானையே தடவிக்கொண்டிருந்தார்.

"நான் கண்ண வச்சு ஓட்டல ஈஸ்வரி. அந்த ரோடு எனக்குத் தெரியும்."

"ரோடு தெரியும். ரோட்டுல எதுக்க வர்றவன ஒனக்குத் தெரியுமா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை 'ஒனக்கு' என்று சொன்னது இன்றைக்குத்தான். இரண்டு பேருமே திடுக்கிட்டோம்.

பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அதாம்புள்ள கத்துற வண்டியாத் தேடுனேன்."

எனக்கு அழுகை பொங்கிவிட்டது. கத்தும் வண்டி என்று கேலி செய்தேனே, பாவி. ஆனால் சாவியை எடுத்து என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டேன். பேச்சிக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து அண்ணன் வர மாட்டாக என்றேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மூன்றரைக்கே எழுந்து குளித்துச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போகவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். தெருவில் வேறு ஜீப் போன சத்தத்துக்கு, "பேரிங் போச்சு அவனுக்கு" என்றார்.

இட்லி நான்கு தின்றார். அந்த மட்டுக்கும் நிம்மதி.

நவம்பர் 13, வியாழன்

மதுரை. கண் ஆஸ்பத்திரி. சொட்டுமருந்து விட்டு விட்டு மூன்று மணிநேரம். மகள் நேராக அங்கேயே வந்துவிட்டாள், வயிற்றைத் தூக்கிக்கொண்டு, வராதே என்றால் கேட்டால்தானே.

சர்க்கரை கண்ணுக்குப் போய்விட்டது. உள்ளே ரத்தக் கசிவு. ஊசி போடுவார்கள், லேசர். இனிமேல் கெடாமல் பார்க்கலாம், போனது முழுசாகத் திரும்பாது. டாக்டரம்மா சின்ன வயசு. தன்மையாகத்தான் சொன்னாள்.

"என்ன தொழில் பண்றீங்க ஐயா?"

"டிரைவர்" என்றார். பிறகு, "டிரைவரா இருந்தேன்" என்றார். அவராகவே திருத்திக்கொண்டார். யாரும் சொல்லச் சொல்லவில்லை.

ஊசி தேதி: 20. சாப்பிட்டு வரலாம். பழைய மருந்துச் சீட்டெல்லாம் கொண்டுபோக வேண்டும்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தானாகவே, "அந்த வெள்ளை வண்டிய இன்னொருக்கப் பாத்துட்டு வருவோம்" என்றார். எதற்கு என்று கேட்காமல் சேலை மாற்றிக்கொண்டேன்.

பழனிசெட்டிபட்டி. பேங்க்காரர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் பார்த்துச் சொன்னேன், இவர் எஞ்சினைக் கேட்டுச் சொன்னார். டயர் முன்னால் இரண்டும் புதுசு, பின்னால் பாதி. கண்ணாடி ஓரத்தில் ஒரு கீறல். கீழே துரு இல்லை. இடது பின் கதவு வேற வெள்ளை என்று உரக்கவே சொன்னேன். இவர் போய்க் கதவு விளிம்பை விரலால் தடவினார். மேலிருந்து கீழே. மறுபடி.

"ஆமா. மாத்துனதுதான். போல்ட்டுல ஸ்பேனர் பட்டிருக்கு" என்றார். பேங்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அதுனால என்ன சார், கதவுதான. எஞ்சின் தங்கம்" என்று இவரே அவருக்கு ஆறுதல்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி.

"சார், இவதான் ஓட்டணும். ஆளு குட்டை. பெடல் எட்டுமா?"

நான்? ஸ்கூட்டியையே காலால் உந்திக்கொண்டு ஓட்டுகிறவள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மனுஷன்! சீட்டை முன்னால் தள்ளி உட்காரவைத்தார்கள். எட்டியது. ஸ்டியரிங் குளிர்ச்சியாக இருந்தது. முன் கண்ணாடி வழியாகத் தெருக்கோடி வரை தெரிந்தது. ஒரு கோழி, ஒரு சைக்கிள், தண்ணீர்க் குடத்தோடு ஒரு பெண். எல்லாம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று அதற்கு முன் நினைத்ததே இல்லை.

பேசி முடித்தாயிற்று. புதன்கிழமை வண்டி வரும்.

ஜனவரி 7, புதன்

இத்தனை நாள் எழுதவில்லை. டிரைவிங் ஸ்கூல், ஆஸ்பத்திரி, அங்கன்வாடி, சமையல். எங்கே எழுதுவது? எட்டுப் போடும்போது ஒரு கம்பைச் சாய்த்தேன், இரண்டாம் தரம் பாஸ். அவருக்கு இரண்டு ஊசி முடிந்தது. பெரிய எழுத்து தெரிகிறது என்கிறார். ஜீப்பை வாங்கிய தம்பி பன்னிரண்டு பேரோடு நிறுத்துகிறானா என்று தினமும் பேச்சிக்குப் போன் போட்டு விசாரிப்பு. பதினாலு ஏத்துறான் அண்ணே என்றாளாம். நேரே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

நேற்று லைசென்ஸ் கைக்கு வந்தது. போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன்.

இன்றைக்குப் பனி விலகி வெயில் வந்தபிறகு கிளம்பினோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும், முதல் தடவை. மகளைப் பார்க்கத் தேனிக்கு. வெள்ளைச் சட்டை, விபூதி, பையில் மகளுக்கு முறுக்கு. நான் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், அவர் வலது பக்கக் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, ஸ்டியரிங்கில் கையும் வைத்துவிட்டார்.

அப்படியே நின்றார்.

எதிர்வீட்டு அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். கூப்பிடவில்லை.

காலை வெளியே எடுத்தார். கதவைச் சாத்தவில்லை, எனக்காகத் திறந்தே விட்டார். பானெட்டைத் தடவிக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி இடது பக்கம் போனார். ஏறி உட்கார்ந்தார். பெல்ட் எங்கே என்று தேடி, மாட்டத் தெரியாமல் இரண்டு தரம் தவறி, மாட்டினார்.

"ம். எடு" என்றார்.