பெயர் உண்டு என்று சொன்னேன்

இன்று லிஃப்டில் உன் கையைப் பார்த்தேன். அப்பாவின் கட்டில் கம்பி கிழித்த தழும்பு புறங்கையில் அப்படியே இருந்தது. "கௌன்ஸா ஃப்ளோர், மேடம்?" என்று இந்தியில் எந்த மாடி எனக் கேட்டாய். ஏழு என்றேன். நீ ஐந்தில் இறங்கிப் போனாய். எனக்கு அழுகை வரவில்லை. பால் வாங்க மறந்தது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

உடம்பு அதே உடம்பு, நீ இல்லை. அதனால்தான் போனவர்களுக்கு எழுதுவதுபோல எழுதுகிறேன்.

அப்பா படுக்கையில் விழுந்தபோது வாகட் பகுதியில் இருக்கும் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு உன்னை வாடகைக்கு எடுத்தோம். ஆலையில் செய்த ஆள் என்பதற்குமேல் உன்னைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரே மாதத்தில் அப்பாவின் திருநெல்வேலிப் பேச்சு உனக்கு ஒட்டிக்கொண்டது. என் தமிழைவிட உன் தமிழ் நன்றாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். சின்ன வயதில் இறந்துபோன தன் தம்பியின் பெயரை அப்பா உனக்கு வைத்தார். சாயங்கால ஜெபத்தில் என் பெயருக்கு அடுத்து அதைச் சொல்லுவார்.

"மெஷினுக்கு எதுக்குப்பா ஜெபம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏட்டி, எனக்குப் பீ மூத்திரம் அள்ளுதவன் மெஷினாக்கும்? பேசாம கண்ண மூடு."

மூடினேன். நடுவில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். நீயும் மூடியிருந்தாய்.

அப்பாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் கம்பெனி ஆள் உன்னை எடுத்துப்போக வருவதாக இருந்தது. அன்று காலை அப்பாவின் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாய்: "அக்கா, எனக்குப் பேரு இருக்கான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிருங்க." ஏன் என்று நான் கேட்கவில்லை. கூச்சப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனி ஆள் வந்ததும் கேட்டார். கர்த்தர் முன்னால் மூன்று வருடம் சொன்ன பெயரை எப்படி இல்லை என்பது? பெயர் இருந்தால் உன்னை மரியாதையாக நடத்துவார்கள் என்றும் நம்பினேன். உண்டு என்றேன். பெயரையும் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். அவர் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் டிக் அடித்தார். நான் கையெழுத்துப் போட்டபிறகுதான் விவரம் சொன்னார். பெயர் வைத்த வீட்டை உன் போன்ற ஆட்களால் மறக்க முடியாதாம். அதனால் பெயர் உள்ளவர்களின் நினைவை முழுதாக அழித்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்களாம். பெயரில்லாதவர்கள் அப்படியே போகலாமாம்.

"இல்லை, பெயரெல்லாம் கிடையாது" என்று அப்புறம் சொல்லிப் பார்த்தேன். உன் எதிரிலேயே சொன்னேன். அவர் சிரித்தார்.

"வாரேன்க்கா" என்று சொல்லித்தான் வண்டியில் ஏறினாய். சொன்னபடி வந்தும்விட்டாய், இரண்டு மாடி கீழே.

பால் வாங்கி வரும்போது ஐந்தாம் மாடி அம்மாவைப் பார்த்தேன். மராத்திக்காரர். புது ஆள் நல்ல மாதிரி, ஒரு பெயர் வைக்கலாம் என்றிருக்கிறோம் என்றார். வேண்டாம் என்றேன். அவர் முகம் சுருங்கியது. ஏன் என்று அவரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், எல்லாவற்றையும்.

சாயங்காலம் தனியாக ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். என் பெயர், அடுத்து உன் பெயர். அதை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. இனி யார் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வேன்.