வீட்டுக்காரர் சொன்ன பதில்

பிப்ரவரி 6

என் செல்ல வாயாடிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம்தானே? போனில் பேசினால் மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் என்றாய். அதனால்தான் மாடி வீட்டு டீச்சர் பெயருக்கு இந்தக் கடிதம்.

யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிவரும் படிவங்களைச் சரிபார்ப்பதுதானே என் பிழைப்பு. இந்தத் தடவை உங்கள் வீடும் அதில் விழுந்திருக்கிறது. சொந்தக்காரர் படிவம் வந்தால் அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒதுங்க வேண்டும். நான் ஒதுங்கவில்லை, ஆசையாகப் படித்தேன். உன் பெயருக்கு நேரே ‘வேலை தேடவில்லை, வேலை வேண்டாம்’ என்று இருக்கிறது. ஏண்டி, எக்ஸ்ரே எடுக்கப் படித்து, ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, இப்போது வேண்டாமா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் மேல் கோபம்தான்.

உன் அக்கா

பிப்ரவரி 15

அன்பு அக்காவுக்கு,

கோபப்படாதே. படிவம் எழுத அந்தப் பெண் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அவர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னார்.

“மனைவி வேலை தேடுறாங்களா?”

“இல்ல.”

“கிடைச்சா போவாங்களா?”

“அவளுக்கு எதுக்குங்க வேலை? வீட்டுல ராணி மாதிரி இருக்கா.”

ராணி கையில் கரித்துணியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எனக்கு வேலை வேண்டும் அக்கா. ரொம்ப வேண்டும். போன மாதம் மூன்று ஸ்கேன் சென்டருக்கு, டீச்சர் முகவரி கொடுத்து விண்ணப்பம் போட்டேன். ஒன்றில் மார்ச் எட்டாம் தேதி நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆர்டர் கைக்கு வந்தபிறகுதான் அவரிடம் சொல்லப்போகிறேன். அதுவரை மூச்சு விடாதே.

உன் தங்கச்சி

பிப்ரவரி 24

என் தங்கத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். வேலை இல்லை, ஆனால் தேடுகிறாய் என்றால் எங்கள் கணக்கில் நீ ‘வேலையில்லாதவர்’. தேடாமல் ஆசை மட்டும் இருந்தால் வேறு கட்டம். ஆசையும் இல்லை என்றால் கடைசிக் கட்டம். அங்கே போனவர்களைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. உன்னை அங்கேதான் தள்ளியிருக்கிறார்கள்.

பதினோரு வருஷமாக இந்த மேஜையில் இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் சொன்ன எத்தனை பதிலுக்குத் தலையாட்டியிருப்பேனோ! உன் விஷயத்திலும் அப்படிச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. ‘இவர் ஸ்கேன் சென்டருக்கு விண்ணப்பித்திருக்கிறார், இவரையே கேட்கவும்’ என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி, அந்தப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பகலில் போகச் சொல்லியிருக்கிறேன், மாப்பிள்ளை ஆபீஸில் இருப்பார். பயப்படாமல் வாயைத் திறந்து சொல்லு.

உன் அக்கா

மார்ச் 10

அக்காவுக்கு,

பகலில்தான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பகலில்.

வாசலில் நின்றபடியே நீ எழுதியதை வாசித்தாள். “சார், மேடம் ஸ்கேன் சென்டருக்கு அப்ளை பண்ணியிருக்காங்கன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காங்க. அவங்களையே கேக்கணுமாம்.” அவர் கத்தவில்லை. “கேளுங்க” என்று என்னைக் கூப்பிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டார். “தப்பா எழுதியிருக்காங்க” என்றேன்.

அவள் போனபிறகு எந்த சென்டர் என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். மறுநாள் அவரே அங்கே போன் செய்து, “அவ வரமாட்டா” என்று சொல்லிவிட்டார். என் சர்டிபிகேட் எல்லாம் இப்போது அவர் ஆபீஸ் பீரோவில். எட்டாம் தேதி காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று.

நல்லது செய்யத்தான் நினைத்தாய், தெரியும். ஆனால் கேட்காமல் செய்துவிட்டாயே அக்கா. அவரும் அப்படித்தான்.

தங்கச்சி

மார்ச் 19

என் தங்கமே,

எந்த முகத்தோடு எழுதுவேன்? அதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உங்கள் தெருப் படிவங்களை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அது கிடக்கட்டும். சின்னவளைக் கூட்டிக்கொண்டு இங்கே வா. முன் அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். சர்டிபிகேட் நகலுக்கு நான் அலைகிறேன். ஒரு வரி எழுது, போதும்.

அக்கா

ஜூன் 8

அக்கா,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. சின்னவளைக் கூட்டிக்கொண்டு வர அவர் விடமாட்டார், விட்டுவிட்டு வர என்னால் முடியாது. முன் அறையை வாடகைக்கு விட்டுவிடு.

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்கு மறுபடி வருவார்களாமே. நேற்று வந்தாள், வேறொரு பெண். அவர் ஆபீஸில், சின்னவள் பள்ளிக்கூடத்தில். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். நல்ல பெண், அவசரப்படவில்லை.

“கடைசி நாலு வாரத்துல வேலை தேடுனீங்களா?”

“இல்ல.”

“கிடைச்சா போவீங்களா?”

யோசித்தேன். அவளும் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். யாரும் பக்கத்தில் நிற்கவில்லை அக்கா.

“வேண்டாம்.”

“நிஜமாவா மேடம்?”

“நிஜமாத்தான்.”

அந்தப் படிவம் யார் மேஜைக்குப் போனாலும், திருப்பி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடு. பதில் சொன்னவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கிறது.

தங்கச்சி