குடுவை கழுவுகிறவளும் ஆர்கானிக் பாடமும்

ஜூலை 7

இன்று என் லேபுக்குள் மாணவியாக நுழைந்தேன். பதினைந்து வருஷமாகக் காலை எட்டு மணிக்குப் பூட்டைத் திறந்து, பாட்டில்களை அடுக்கி, சாயங்காலம் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற அட்டெண்டர் நான். அதே அறையில் வெள்ளைக் கோட்டோடு நின்றபோது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

லேப் டெக்னீஷியன் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடத்தில் தேறினால் அந்த வேலை எனக்கு. துறைத்தலைவர் எழுதியே கொடுத்துவிட்டார். தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரை எடுப்பார்கள். அவருக்கும் சேர்த்து நான் கழுவ வேண்டியதுதான்.

வருகைப் பதிவில் என் பெயரைப் படித்தபோது பழக்கதோஷத்தில், "என்ன எடுத்துட்டு வரணும் சார்?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 11

பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் வளையம். பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அச்சு அசலாக அறுகோண வளையம் போடுகிறார். அதிலிருந்து அம்புகள் கிளம்புகின்றன. எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே போகிறதாம். ஏன் போக வேண்டும்? இருந்த இடத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

ஜூலை 12

ஒன்றும் புரியவில்லை.

ஜூலை 20

எனக்கு லேப் ஜோடி கிடைத்துவிட்டது. பதினெட்டு வயசுப் பெண். தாளில் அவ்வளவு வேகமாக அம்பு போடுகிறாள், அதனால் அவளுக்கு நான் வைத்த பெயர் அம்புக்குறி. கண்ணாடிச் சாமான் கையில் வந்தால் மட்டும் வெலவெலத்துவிடுகிறாள். போன வருஷம் உடைப்புப் பதிவேட்டில் அவள் பெயரை மூன்று முறை எழுதியது நான்தான். நல்ல பொருத்தம் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள்!

ஆகஸ்ட் 3

வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். என் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, இவ்வளவு நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்குள் அது ஆவியாகிவிடாதா என்று கேட்டார். ஒன்பதாவது படிக்கும் மகள் எனக்குப் பரீட்சை வைத்தாள். பத்துக்கு மூன்று. தாளைக் கொடுத்து, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னாள். அவரும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். இந்த வீட்டில் எனக்கு மரியாதை போய் நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 29

இடைத்தேர்வு. ஐம்பதுக்குப் பத்தொன்பது. எல்லாம் நான் கை வலிக்கத் தூக்கி வைத்த பாட்டில்களைப் பற்றிய கேள்விகள்தான். ஒன்றுகூட என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 14

ஆஸ்பிரின் செய்தோம். படிகம் வரட்டும் என்று குடுவையைக் குளிர வைத்துவிட்டு வந்திருக்கிறோம். நாளை வடிகட்டி எடை போட்டுக் காட்ட வேண்டும். இதற்கு இருபது மார்க். இது இல்லாவிட்டால் கடைசிப் பரீட்சைக்கே உட்கார விடமாட்டார்கள்.

செப்டம்பர் 15

கழுவிட்டேன். அய்யோ, எங்க குடுவையையே நான் கழுவிட்டேன்.

காலையில் மேசையில் ஒன்பது குடுவைகள் இருந்தன. எட்டில் லேபிள். 'லேபிள் இல்லாத குடுவை கழுவப்படும்' என்று சுவரில் எழுதி ஒட்டியவள் நான். எத்தனை பிள்ளைகளை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! என் குடுவைக்கு எதற்கு லேபிள், அதை யார் தொடப்போகிறார்கள் என்று நேற்று விட்டுவிட்டேன். நான் தொட்டேன். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கை அதுபாட்டுக்கு பிரஷை எடுத்தது, சோப்புப் போட்டது, மூன்று தடவை அலசியது, கவிழ்த்து வைத்தது. அப்புறம் போய் டீ குடித்தேன். பாதி டீயில்தான் உறைத்தது.

அம்புக்குறி வந்தாள். குடுவையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நல்லா பளபளன்னு இருக்குக்கா" என்றாள். வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

வளையம் சார் சுவரைக் காட்டினார். விதி உங்கள் கையெழுத்தில்தானே இருக்கிறது என்றார். கெஞ்சினேன். கடைசியில், சனிக்கிழமை மத்தியானம் திரும்பச் செய்யலாம் என்று இறங்கி வந்தார். அந்த நேரத்தில் முதலாண்டு லேப் முடிந்து நூற்று இருபது குடுவைகள் எனக்காகக் காத்திருக்கும். விடுப்புக் கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்று ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 17

இரண்டு நாளாக அவள் பேசவில்லை. மன்னித்துக்கொள் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். என் வேலை போனால் நான் பட்டுக்கொள்வேன். இவள் வருஷத்தையும் சேர்த்து அல்லவா சிங்க்கில் ஊற்றியிருக்கிறேன்.

செப்டம்பர் 19

மத்தியானம் போனால் சிங்க் முன்னால் அம்புக்குறி, கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு.

"நீங்க போய் ஆஸ்பிரின் பண்ணுங்கக்கா. இத நான் பாத்துக்கறேன்."

"உன் கையிலயா? நூத்தி இருபதும்மா."

"உடைஞ்சா எழுதிக்கோங்க. உங்களுக்கு என் பேரு ஸ்பெல்லிங்கோட தெரியுமே."

நான் தனியாகச் செய்தேன். எடை போட்டு, கலக்கி, வெந்நீரில் வைத்து, ஐஸில் வைத்தேன். படிகம் வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. கண்ணாடிக் குச்சியால் உட்புறத்தைச் சுரண்டினேன். ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு திடீரென்று குடுவை முழுக்க வெள்ளை ஊசிகள். பக்கத்தில் சிலீர் சிலீர் என்று கண்ணாடி உடையும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் திரும்பவில்லை.

இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலே தேறியது. பெயர், தேதி, மணி என்று எழுதி லேபிள் ஒட்டினேன். வீட்டு விலாசம் ஒன்றுதான் பாக்கி. சார் வாங்கிப் பார்த்துப் பதினாறு மார்க் போட்டார்.

உடைந்தது ஆறு. பதிவேட்டில் மூன்றை அவள் பெயரிலும் மூன்றை என் பெயரிலும் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அப்பாடா.

அக்டோபர் 8

அலமாரியில் பழைய ஆஸ்பிரின் பாட்டில் ஒன்று, மூடி சரியாக மூடாமல். திறந்தால் வினிகர் வாசனை. மழைக்காலம் வந்தால் இப்படித்தான், எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஏன் என்று கேட்டதில்லை. இன்று ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். ஈரத்தில் இருக்கும் தண்ணீர் உள்ளே போகிறது, ஒரு துண்டு கழன்று வருகிறது, அந்தத் துண்டுதான் வினிகர் வாசனை. பென்சிலை எடுத்தேன். அம்பு சரியான பக்கம் போனது. யாரும் சொல்லித் தரவில்லை.

எலக்ட்ரான்மேல் இத்தனை நாள் எனக்கு வீண் கோபம். அதுவும் காரணமில்லாமல் இடம் மாறவில்லை.

நவம்பர் 23

பரீட்சை. ஏழு கேள்வியில் நான்கு உருப்படியாக எழுதினேன், ஒன்று சுமார். மற்ற இரண்டில் அறுகோணம் மட்டும் அழகாகப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 19

ஐம்பத்து நான்கு. தேறிவிட்டேன். அம்புக்குறிக்குத் தொண்ணூற்று ஒன்று. அறிவிப்புப் பலகை முன்னால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கமில்லாமல். வீட்டுக்காரர் டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டாராம். எந்தப் பாடம் என்று கேட்டவர்களுக்கு மட்டும், "அது பெரிய பேருங்க" என்று சமாளித்திருக்கிறார்.

ஏப்ரல் 1

டெக்னீஷியன் அறையில் முதல் நாள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாவிக்கொத்து. நான்கு மணி ஆனதும் கால் தன்னால் சிங்க் பக்கம் போய்விட்டது. புது அட்டெண்டர், என்னைவிடப் பெரியவர், கழுவிக்கொண்டிருந்தார். ஒரு கை கொடுக்கலாம் என்று பிரஷை எடுக்கப் போனேன்.

"வைங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

பின்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிறகுதான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.