பனாமாவுக்குக் குறைந்த செலவில் புறப்பட்டவளுக்கு

இன்று காலை கடல்காற்றில் கரிப்புகை மணம் வந்தது. குளச்சலுக்கு நேரே மணல் ஏற்றும் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. பேரப்பிள்ளைகள் பார்க்க ஓடினார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எங்கே அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிற மடல் இது.

உன்னைக் கட்டிய மாப்பிள்ளை உலகச் சண்டைக் காலத்தில் கப்பலுக்குச் சமையல்காரராகப் போனவர். பனாமாப் பட்டணத்தில் இறங்கி, ஒரு சிந்திக்காரரின் துணிக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டார். சுதந்திரம் வந்த மறுவருஷம், உன்னையும் பிள்ளையையும் வரச்சொல்லி எழுதினார். அதை உனக்கு வாசித்தவள் நான்தான். அன்றைக்கு நம் தெருவில் அஞ்சாம் வகுப்பு படித்த பெண் வேறு யார் இருந்தாள்? பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தை இரவல் வாங்கி வந்து அந்த ஊரைக் காட்டினேன். இரண்டு கடலுக்கு நடுவே நூல் மாதிரிக் கிடந்தது.

“இதுல எப்பிடிட்டி மனுசன் நிப்பான்?” என்றேன்.

“எனக்க மாப்பிள்ள ஒல்லிதானட்டி. ஓரமா நிப்பாரு” என்றாய்.

அன்றிலிருந்து செலவைக் குறைப்பது ஒன்றே உனக்கு நினைப்பு. தூத்துக்குடியிலிருந்து ஏஜெண்டு என்று ஒருவன் வந்தான். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. போகவும் வரவும் சேர்த்து அவன் சொன்ன தொகையைக் கேட்டு நீ சிரித்தாய். “போறதுக்கு மட்டும் சொல்லும். வாறத அங்க போயிப் பாத்துக்கிடுலாம்.” ஆள் ஏற்றும் கப்பல் வேண்டாம், கொழும்பிலிருந்து சரக்குக் கப்பல் போதும் என்றாய். கருவாடும் வெயிலில் காயவைத்த உணக்கக் கிழங்கும் கட்டிக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் இல்லை. பிள்ளைக்கு அரை டிக்கெட்டு. அதுவும் மிச்சம் என்று அவளை என்னிடம் விட முடிவு செய்தாய். மீதிக்கு வீட்டையும் நாலு தென்னையையும் விற்றாய். ஒவ்வொரு செலவும் குறையக் குறைய, நீ திரும்பி வருகிற வழி ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வந்தது.

கடைசியாக அவன் கேட்டான்: “கொழும்புல உங்களத் தேடி விசாரிக்க ஆள் உண்டுமா?”

“ஒருத்தரும் இல்ல” என்றாய், அதுவும் ஒரு சிக்கனம் போல.

“அப்படின்னா இன்னும் கொறைச்சுக்கிடலாம்.”

“அது எதுக்குவே கொறையுது?” என்று நான் கேட்டேன். அவன் என்னைப் பார்க்காமல் உன்னிடமே பேசினான். பாஸ்போர்ட்டு, அம்மைக் குத்தூசி எல்லாம் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

“ஏட்டி, இவன் வேண்டாம். கூடுதலா ஆனாலும் வேற ஆளப் பாப்போம்.”

“நீ படிச்சவ, ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம். ஒரு வருசம் பாரு. வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போவேன்.”

பஸ் புறப்படும்போது பிள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. நீதான் முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

நாளை கப்பல் ஏறுகிறேன் என்று கொழும்பிலிருந்து ஒரு கார்டு வந்தது, யாரோ ஒருவரின் கையெழுத்தில். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒரு வருஷம் கழித்து உன் மாப்பிள்ளையின் கடிதம் வந்தது. பிரித்து வாசித்தேன். நீ எப்போது புறப்படுகிறாய் என்று கேட்டிருந்தார்.

என் மகனைத் தூத்துக்குடிக்கு அனுப்பினேன். அப்படி ஓர் ஏஜெண்டை அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இப்போது உன் மகளுக்குக் கல்யாணம். மணவாளக்குறிச்சிப் பையன். அவளை நான் அஞ்சாம் வகுப்போடு நிறுத்தவில்லை, கேட்டுக்கொள். மாதாகோயிலில் ஓலை வாசிக்க வேண்டும் அல்லவா, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் கல்யாணம் என்று மூன்று ஞாயிறு. அதை எழுத கோயில் உபதேசியார் வந்தார்.

“தாயிக்க பேருக்கு முன்ன ‘மரித்த’ன்னு சேத்துடுலாமா? பனாமாவுலேந்து பிள்ளைக்க தகப்பனாரும் அப்பிடித்தான் எழுதியிருக்காரு.”

“மரிச்சத நீரு பாத்தீரா?”

“இத்தன வருசம் ஆச்சே, அம்மா.”

“வருசம் ஆனா ஆளு செத்துருமா? பேர மட்டும் எழுதும்.”

போன ஞாயிறு முதல் ஓலை. உன் பெயரை உயிரோடிருப்பவள் பெயராகவே வாசித்தார்கள். கோயிலில் பலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உன் மகள் திரும்பி வாசலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். வாசலில் வெயில்தான் கிடந்தது.

வீட்டுக்கு வந்து முக்காட்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: “‘மரித்த’ன்னு வாசிச்சிருந்தா நான் ஒருவாட்டி அழுதிருப்பேன், மாமி. இனி எத்தன வாட்டி வாசலப் பாக்கணும்?”

நாளை இரண்டாம் ஓலை. உபதேசியார் சாயங்காலம் வருவார். பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்க்கச் சொன்னால் போதும், அவள் அழுது ஓய்ந்துவிடுவாள். பிள்ளையை விட்டுப்போனபோது அந்தச் சொல்லையும் நீ என்னிடம்தான் விட்டுப்போயிருக்கிறாய். பிள்ளையை வளர்த்துக் கொடுத்துவிட்டேன். இதை யார் கையில் கொடுக்க?