பதினொரு தகடு

சேசு மரி சூசை துணை

கம்பளை,
7-6-1937

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய என் வீட்டுக்காரருக்கு, பெற்றீசியா எழுதிக்கொள்வது. நானும் வயிற்றுப் பிள்ளையும் சுகம். தாங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சம்பலும் கடைப் பாணுமாகவே நாளை ஓட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

என்னைக் கண்டதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, லொறியில வந்தியா, உரலுக்குள்ள உக்காந்து வந்தியா?" வத்தேகமயில் இருந்து கம்பளை வரைக்கும் வாங்கிய குலுக்கலில் இரண்டு நாள் எழும்ப முடியவில்லை. பின்சக்கரத்து ஸ்பிரிங்கில் தகடு உடைந்திருப்பதாகத் தாங்களே சொன்னீர்கள். பிள்ளையோடு எங்களைக் கூட்டிப்போக வருவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள். அலுமாரியில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பின்னால் அறுபது ரூபாய் வைத்திருக்கிறேன். நாற்பது ஸ்பிரிங்குக்கு. இருபது ஞானஸ்நானத்துக்கு, அதைத் தொடவேண்டாம்.

நேற்று ஆஸ்பத்திரியில் காட்ட றீற்றா அக்காவின் மாப்பிள்ளை வலன்ரைன் அத்தான் தன் புது லொறியில் கொண்டுபோனார். பின்னால் அரிசி மூட்டைகள், முன்னால் அக்காவும் நானும். கையில் இருந்த செம்புத் தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. தொட்டிலில் போவதுபோல இருந்தது.

தங்கள் அன்பு மனைவி
பெற்றீசியா

வத்தேகம,
10-6-1937

பிரியமுள்ள பெற்றீசியாவுக்கு,

கடிதம் கிடைத்தது. செம்புத் தண்ணீர் சிந்தாத கதையைப் படித்துப் பூரித்துப்போனேன்.

என் லொறி உரல், அவருடையது தொட்டில். நல்லது. அவருக்குத் தகப்பன் விட்டுப்போன கடை இருக்கிறது, லொறி புதிது வாங்கலாம். நான் இரண்டாம் கையாக வாங்கி, தேயிலைப் பெட்டி ஏற்றி, தவணை கட்டி முடித்தவன். நம் கலியாண வீட்டில்கூட உன் அப்பா அவருக்குக் கதிரை போட்டார், எனக்கு வாங்குப் பலகையைக் காட்டினார். இதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஸ்பிரிங் கணக்குப் போட்டுவிட்டேன். உடைந்த தகடுகளுக்குப் பதில் புதிது பதினாறு ரூபாய், போல்ட்டும் பூட்டும் ஆறு, கண்டி கராஜில் கூலி எட்டு, கிரீஸ் இரண்டு. ஆக முப்பத்திரண்டு. நீ சொன்ன நாற்பதுக்குள் அடங்கும்.

ஆனால் ஒன்று. அவருடைய பின் ஸ்பிரிங்கில் எத்தனை தகடு என்று பார்த்து எழுது. நான் கேட்டதாகத் தெரியக்கூடாது. இன்னொன்று, கம்பளையில் மாட்டுவண்டி எல்லாம் செத்துப்போனதா? என் பெண்சாதியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவர்தான் வேண்டுமா?

இப்படிக்கு,
மரியநாயகம்

கம்பளை,
15-6-1937

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒன்பது தகடு. சீப்புக் கீழே விழுந்துவிட்டது என்று சொல்லி, நிறைமாத வயிற்றோடு லொறிக்கு அடியில் குனிந்து எண்ணினேன். அத்தான் கண்டுவிட்டார். "என்னம்மா, லொறி வாங்கப் போறியா?" என்று சிரித்தார். எனக்கு முகம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

தாங்கள் எழுதிய கடிதத்தில் நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி தேடினேன். பிள்ளை புரளுகிறதா என்று ஒரு சொல் தேடினேன். கிரீஸ்கூட இருந்தது, நாங்கள் இல்லை. தாங்கள் அத்தானைப் பார்த்துப் புகைகிறீர்கள், நான் அந்த லொறியைப் பார்த்துப் புகைகிறேன். கலியாணமான நாளில் இருந்து அதுதான் எனக்குச் சக்களத்தி.

கணக்கு முப்பத்திரண்டிலேயே நிற்கட்டும்.

பெற்றீசியா

வத்தேகம,
25-6-1937

பிரியமுள்ள பெற்றீசியாவுக்கு,

கோபிக்காதே. நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், பார்.

அவருக்கு ஒன்பது என்றால் நமக்குப் பதினொன்று. போட்டுவிட்டேன். வத்தேகமச் சந்தையில் லொறியை நிறுத்தினால் ஆட்கள் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கம்பளையில் கொண்டுவந்து அவர் வாசலில் நிறுத்தும்போது நீ சீப்பைக் கீழே போடத் தேவையில்லை, தூரத்தில் இருந்தே எண்ணலாம்.

செலவு கொஞ்சம் கூடிவிட்டது. அறுபதும் முடிந்தது. அந்தோனியார் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஞானஸ்நானத்துக்குள் எப்படியும் புரட்டிவிடுவேன்.

புதுத் தகடு என்பதால் இன்னும் பழகவில்லை. வெறும் லொறியாகப் போனால் சற்று எகிறுகிறது. நேற்று தலை கூரையில் இடித்து வீங்கிவிட்டது. கண்டிக்குத் திரும்பும்போது அலவத்துகொட வியாபாரி ஹாஷிம் நானாவின் முட்டைப் பெட்டிகளை மட்டும் ஏற்றினேன். கண்டியில் இறக்கித் திறந்து பார்த்துவிட்டு அவர், "மரியநாயகம், முட்டய அடிச்சே கொண்டாந்தீக்கிறீங்க, வெங்காயம் மட்டும்தான் போடல்ல" என்றார். நல்ல மனிதர், பாதிக் காசுதான் பிடித்தார். பாரம் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

இனி ஆஸ்பத்திரிக்கு அவர் லொறியில் போகாதே. ஆள் அனுப்பு, நான் வருகிறேன்.

மரியநாயகம்

சேசு மரி சூசை துணை

கம்பளை ஆஸ்பத்திரி,
3-7-1937

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

சர்வேசுரன் கிருபையால் நேற்றுக் காலை நமக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறாள். இருவரும் சுகம். படுத்தபடி எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருக்கும். அம்மா தந்தி அடிக்கச் சொன்னாள். நான்தான் தடுத்தேன். தந்தி கண்டால் தாங்கள் அந்தப் பதினொரு தகட்டோடு பறந்து வந்து நிற்பீர்கள். அதற்கு முன் இதைப் படிக்க வேண்டும்.

வலி எடுத்ததும் அத்தான் லொறியை எடுத்தார். எடுத்தவர் நேரே போகவில்லை. கடைக்கு முன்னால் நிறுத்தி, அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினார். நான் வலியில் கத்துகிறேன், அவர் மூட்டை சுமக்கிறார். அந்த நேரம் அவரைவிடக் கொடியவன் உலகத்தில் இல்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறுத்துக்கடி. வெறும் லொறியில மட்டும் ஒன்னைய ஏத்த மாட்டாரு" என்றாள்.

பிறகுதான் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் அக்காவுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களே, அது காய்ச்சல் அல்ல. ஆறாம் மாதம். பழைய லொறியைக் காலியாக ஓட்டி, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவலப்பிட்டிப் பாதையில் வந்திருக்கிறார். குலுங்கிய குலுக்கலில் பிள்ளை தங்கவில்லை. நான் அப்போது கலியாணம் ஆகாதவள் என்று எனக்கு மறைத்துவிட்டார்கள். அன்று முதல் இப்படித்தானாம்.

செம்புத் தண்ணீர் சிந்தாமல் போனது மூட்டைப் பாரத்தால். தகட்டால் அல்ல. தகடு கூடக் கூட வெறும் லொறி இன்னும் எகிறுமாம்.

பிள்ளையைத் துணியில் சுற்றி அத்தான் கையில் கொடுத்தார்கள். துணி விலகிய காலைப் பொத்திவிட்டார். பிறகு, "மரியநாயகத்துக்குக் குடுத்து வச்சிருக்கு. மனசு கேக்க மாட்டேங்குது பெற்றீசியா, எனக்கு அவரு மேல பொறாமையாத்தான் இருக்கு" என்றார். கண் நிறைந்திருந்தது.

பிள்ளைக்கு அவரை ஞானத்தகப்பனாக நிறுத்த விரும்புகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று பங்குச் சுவாமி சொல்லியனுப்பினார். தகப்பன் சம்மதம் இல்லாமல் நான் செய்யமாட்டேன். அந்தத் தகடுகளோடு வரும் லொறியில் என் பிள்ளையை ஏற்றவும் மாட்டேன். பதில் எழுதுங்கள்.

பெற்றீசியா

வத்தேகம,
5-7-1937

என் பிரியமுள்ள பெற்றீசியாவுக்கும், நான் இன்னும் முகம் பார்க்காத மகளுக்கும்,

கடிதத்தை லொறிக்குள் இருந்து படித்தேன். படித்து முடித்ததும் நேரே கராஜுக்கு ஓட்டினேன். நான்கு தகட்டைக் கழற்றியாயிற்று. நான் வாங்கியதில் பாதி விலைதான் கராஜ்காரன் கொடுத்தான், அது ஞானஸ்நானத்துச் செலவுக்குக் காணும். சந்தையில் சிலர், "என்ன, குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

ஒன்பது, பதினொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் மூட்டை சுமந்திருக்கிறார்.

நாளைக் காலை ரயிலில் வருகிறேன். வந்ததும் வலன்ரைன் அண்ணனிடம் நானே கேட்பேன், நீ முந்திக்கொண்டு கேட்டுவிடாதே. என் மகளை எனக்கு முன்னால் அவர் தூக்கிவிட்டார் என்பது இன்னமும் குத்துகிறது. அதை மறைக்கவில்லை.

நாற்பது நாள் கழித்து உங்களைக் கூட்டிவர லொறியோடு வருவேன். ஹாஷிம் நானா அரிசி மூட்டை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று ஒன்று செய்வோம். முன்னால் நீயும் அக்காவும் உட்காருங்கள், பிள்ளை அக்கா மடியில் இருக்கட்டும். லொறியை வத்தேகம வரைக்கும் வலன்ரைன் அண்ணன் ஓட்டட்டும், என்னைவிட நிதானமாக ஓட்டுவார். நான் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வருகிறேன். அங்கே இருந்து எவ்வளவு பொறாமைப்பட்டாலும் யாருக்கும் தெரியாது.

உன்
மரியநாயகம்