இவருடைய வடையைக் கொண்டுபோன பறவை

30.7.2011, சனி. ஆடி அமாவாசை.

இன்று மகன் தன் தகப்பனுக்காக, காலமான இவருக்காக, விரதம். காகம் எடுத்த பிறகுதான் அவன் சாப்பிடலாம். பென்டில் ஹில் கடையில் வாங்கிய வாழையிலையில் சோறு, கறி, வடை எல்லாம் படைத்துப் பின்வளவில் வைத்தேன். "கா கா" என்று கூப்பிட நான் இன்னும் வாய் திறக்கவில்லை, அதற்குள் வேலியில் இருந்த கறுப்புப் பறவை என் கைக்குக் கிட்டவே இறங்கி வடையைக் கவ்விக்கொண்டு போய்விட்டது.

"தம்பி, காகம் எடுத்திட்டுது. வா, சாப்பிட," என்று மகனைக் கூப்பிட்டேன்.

மருமகள் குசினி யன்னலால் பார்த்துச் சிரித்தாள். "மாமி, அது காகமில்லை. வாலில வெள்ளை இருக்குப் பாருங்கோ. கறவோங் எண்டு இந்த நாட்டுப் பறவை. இங்க ஆடியில வாற குளிருக்குக் காட்டால இறங்கி வந்து எல்லாத்தையும் களவெடுக்கும். வேறை இலை வைப்பமோ?"

மகன் பசியோடு என் முகத்தைப் பார்த்தான்.

"வேண்டாம். கொப்பர் எண்டைக்கு நான் கூப்பிடுமட்டும் பொறுத்தவர்? சட்டியில கிடக்கிறதையே தூக்கிக்கொண்டு ஓடின மனுசன். அவருக்குப் போய்ச் சேர்ந்திட்டுது. நீ இருந்து சாப்பிடு."

அவன் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். மருமகள் படித்தவள், பறவையின் பெயர் அவளுக்குத் தெரிந்திருக்கும். இவருடைய பசி எனக்குத்தான் தெரியும்.