லேக்லேண்டில் கடைசிப் பந்துவரை

பே சிட்டி, மிச்சிகன்
பிப்ரவரி 20, வெள்ளி

அன்பு மகன் ட்ராவிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டிவலியும் அப்பாவின் கண்ணும் போக மீதியெல்லாம் சுகம். உன் சுகத்தை நீ உன் கையால் ஒரு வரி எழுதினால்தான் நம்புவேன், போனில் நீ சொல்லும் “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்பதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஆங்கரேஜில் இப்போதாவது கொஞ்சம் வெளிச்சம் வருகிறதா, விமானக் கொட்டகையில் ராத்திரி வேலையை மாற்றித் தந்தார்களா, நான் பின்னி அனுப்பிய காலுறை பொருந்தியதா, ஒன்றுக்கும் பதில் இல்லை. தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை கோயில் கூடத்தில் வழக்கம்போல் பொன்ச்கிப் பணியாரம் சுட்டோம். ப்ரூன் பழம் வைத்தது இரண்டு டஜன் எனக்கென்று எடுத்து வந்தேன், உனக்கு அனுப்பலாம் என்று நினைத்து, அலாஸ்கா போய்ச் சேருவதற்குள் கல்லாகிவிடும் என்று தோன்றி, கடைசியில் அப்பாவே தின்று தீர்த்தார். மறுநாள் சாம்பல் புதனுக்கு நெற்றியில் சாம்பலோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைகுடாவில் பனிக்கட்டி இந்த வருஷம் கெட்டியாக இருக்கிறது, பக்கத்து வீட்டு ஸ்டான் அவரைச் சறுக்குவண்டியில் உட்கார வைத்து, பனிக்கட்டி மேல் போட்டிருக்கும் மீன்பிடிக் குடிசைக்கு இழுத்துப்போகிறான். மீன் பிடிக்கக் கண் எதற்கு, விரல் போதும் என்கிறார். உண்மைதான், நேற்று ஒரு வாளி பெர்ச் மீன் கொண்டுவந்தார். இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைக்கு ஆயிற்று.

கண்ணைப் பற்றிப் போனில் முழுதும் சொல்லவில்லை, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நடுவில் ஒரு புகை நிற்கிறதாம், ஓரம் மட்டும்தான் தெரிகிறதாம். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்கிறார். இனிக் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் இந்த மனிதர் வீட்டைப் புரட்டிப் போடுவார் என்று நினைத்தேன், மறுநாள் காலையில் பார்த்தால் என் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் கார் சாவி இருந்தது. அதனால் இந்த மார்ச்சில் ஃப்ளோரிடாவுக்கு நான்தான் ஓட்டப்போகிறேன். ஆமாம், போகிறோம். லேக்லேண்டில் உன் ஐரீன் சித்தி குளிர்காலத்துக்கென்று வைத்திருக்கும் வண்டிவீட்டில்தான் தங்கல். அப்பா இப்போதே சமையல் மேசை மேல் வரைபடத்தை விரித்துவிட்டார், பெரிய எழுத்து வரைபடம், அதற்கு மேல் பூதக்கண்ணாடி. லேக்லேண்ட், பிறகு பிரேடன்டன், பிறகு டனீடன், மூன்று பேஸ்பால் மைதானம். கென்டக்கியில் ஓர் இரவு, ஜார்ஜியாவில் ஓர் இரவு. அட்லான்டாவைக் காலையில் தாண்டாவிட்டால் நெரிசலில் செத்தோம் என்று நூறு தடவை சொல்லிவிட்டார். நெரிசல் என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொள்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீயும் மூடிக்கொள்கிறாய், அவரும் மூடிக்கொள்கிறார், அப்பனும் பிள்ளையும் இரண்டு கல்லுளிமங்கன்கள், நடுவில் நான் எத்தனை வருஷம்தான் மீனையும் வானிலையையும் பேசுவது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். சீசன் தொடங்குவதற்கு முந்தின மார்ச் மாதப் பயிற்சி ஆட்டம் எப்படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய ஆட்டக்காரர்கள் ஒன்பதில் ஐந்தாவது இன்னிங்ஸோடு குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், அதற்கப்புறம் முதுகில் பெயர்கூட இல்லாமல் தொண்ணூற்றுச் சொச்சம் நம்பர் போட்ட பையன்கள் ஓடி வருவார்கள், ஜனங்களும் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள். நீ அணியில் இருந்த அந்த வருஷம், லேக்லேண்டில் அன்றைக்குப் பின்பக்கத்துப் பயிற்சித் திடலிலிருந்து உன்னை ஒரு நாளைக்கு மட்டும் பெரிய அணியோடு உட்காரக் கூப்பிட்டார்கள். காலையில் நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. “இறக்குவாங்களான்னு தெரியலம்மா. இறக்கினா கடைசியிலதான். அப்பாகிட்ட சொல்லிரு.” சொன்னேன், தலையாட்டினார். ஆறாவது முடிந்தது, நீ இறங்கவில்லை. ஏழாவதில் வேறு மூன்று பையன்கள் இறங்கினார்கள், அதிலும் நீ இல்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். இனிமேல் இறக்க மாட்டார்கள், கிளம்பு, நெரிசலில் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும் என்றார். நானும்தான் எழுந்தேன், அவரை மட்டும் சொல்லி என்ன. ஐரீன் வீட்டுக்குப் போகும் வழியில், பொழுதோடு வருகிறவர்களுக்கு விலை குறைத்துப் போடுகிற அந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம், சூப் வந்தது, நீ கூப்பிட்டாய். எங்கே நிற்கிறீர்கள், வேலியோரம் பார்க்கிறேன் காணோமே என்று கேட்டாய். எல்லார் வீட்டு அப்பா அம்மாவும் ஆட்டம் முடிந்து அந்த வேலியோரம்தான் நிற்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கே புரிந்துவிட்டது. “சரி சரி, ஒண்ணுமில்லம்மா. சாப்பிடுங்க” என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் அப்பா கரண்டியைத் தொடவில்லை.

மறுநாள் பேப்பரில் உன் பெயருக்கு எதிரே ஒரு ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஒன்று. ஒருமுறை மட்டையைப் பிடித்தாய், அந்த ஒருமுறையும் அடித்துவிட்டாய், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைய ஆட்டத்தை ரேடியோவிலும் சொல்லவில்லை, டிவியிலும் காட்டவில்லை. மாதம் முடிவதற்குள் உன்னை அணியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அந்தச் சட்டையை நீ மறுபடி போடவே இல்லை. அன்றைக்கு நீ கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் கண்ணா. ஒரு தட்டை உடைத்திருந்தால்கூட நான் பெருக்கி எடுத்திருப்பேன். நீ பையைக் கட்டிக்கொண்டு, யாரும் போகாத தூரமாகப் பார்த்துப் போய்விட்டாய்.

அப்பாவுக்காக ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து உனக்கு எழுதலாம் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். வயிற்றுவலி, தலைசுற்றல், வெயில். ஒன்றும் இல்லை. அவர் எங்கே போனாலும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி கிளம்புகிற ஆள், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் கேக் வெட்டுவதற்கு முன் கோட்டை மாட்டிக்கொள்வார். பூசையில் நற்கருணை வாங்கிய வாயோடு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்க் காரில் உட்கார்ந்துவிடுவார், நீயும் சின்ன வயதில் அவர் பின்னாலேயே ஓடியிருக்கிறாய். பனிக்கட்டி மேல் ஒரு பெர்ச் மீனுக்காக நாள் முழுக்க உட்காருகிற மனிதருக்கு இன்னும் இரண்டு இன்னிங்ஸ் உட்காரத் தெரியவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் நீ அறியாத ஒன்று உண்டு. அந்த வருஷத்திலிருந்து அவர் பூசை முடிந்து கடைசிப் பாட்டு முடிகிறவரை நிற்கிறார். பாட்டே தெரியாது, புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சாமியார் முதலில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து என்னை விசாரித்தார்.

போன மார்ச்சில் ஐரீன் வீட்டில் இருந்தபோது, அப்போதே கண் மங்கிவிட்டது, அவளையே ஓட்டச் சொல்லி லேக்லேண்ட் ஆட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனார், உன்னிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றார். பந்து அவருக்குத் தெரியாது, நான்தான் சொல்ல வேண்டும். உன் அம்மா சொன்ன லட்சணம் கேள். அடித்துவிட்டான் என்றேன். எந்தப் பக்கம் என்றார். அங்கே என்றேன். அங்கே என்றால் எங்கே என்றார். கையைக் காட்டினேன், அந்தக் கையும் அவருக்குத் தெரியவில்லை. பிடித்துவிட்டார்கள் என்று நான் சொன்ன பந்து கீழே விழுந்திருக்கிறது, பின்வரிசை ஆள் சிரித்துக்கொண்டே திருத்தினார். ஏழாவதில் வழக்கம்போல் சனம் எழுந்தது. ஐரீனும் பையை எடுத்தாள், அப்பா அசையவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள், அவளுக்கு வாயில் பூட்டு கிடையாது. அவர் கோபப்படவில்லை. நீ போய்க் காரில் உட்காரு ஐரீன், நான் வர நேரமாகும் என்றார். எட்டாவதில் பெயர் இல்லாத ஒரு பையன் வந்து அடித்தான், காலி நாற்காலிகளுக்கு நடுவில் இவர் ஒருவர் எழுந்து நின்று கை தட்டினார். கடைசிப் பந்து போட்டு, மைதானத்துக்குத் தண்ணீர் அடிக்கிறவன் வந்த பிறகுதான் நடந்தோம். காருக்கு வரும் வழியில் நின்றுவிட்டார். “டெல்ஃபின், ட்ராவிஸ் அடிச்சது எந்தப் பக்கம் போயிருக்கும்?” என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. என்னை ஏன் கேட்கிறீர்கள், அவனையே கேளுங்கள் என்றேன். “அவன எந்த முகத்த வச்சுக் கேக்கறது?” என்றார். ராத்திரி படுக்கையில் அழுதேன், உனக்காகவா அவருக்காகவா என்று தெரியவில்லை.

கிறிஸ்மஸுக்குப் போனில் கூப்பிட்டபோது, மார்ச்சில் ஃப்ளோரிடாவுக்கு நீயும் வாயேன் என்று லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “அங்க எனக்கு என்னம்மா இருக்கு, அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்றாய். உனக்கு முடிந்திருக்கலாம், நல்லதுதான், வேலை இருக்கிறது, பழகிய இடம் இருக்கிறது. அவருக்கு முடியவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த அதே நாற்காலிகளைக் கேட்டு வாங்கச் சொன்னார், வாங்கிவிட்டேன். காரை வாசலைப் பார்த்து நிறுத்தாதே, உள்ளே கோடியில் போடு, எல்லாரும் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார், கார் ஓட்டி நான் பார்த்த நாற்பது வருஷத்தில் அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரால் மன்னிப்புக் கேட்க முடியாது ட்ராவிஸ், அந்த வித்தை அவருக்கு வராது, வந்திருந்தால் என்றைக்கோ கேட்டிருப்பார். வந்து உட்கார்ந்தாலும் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார், வழியில் எங்கே பெட்ரோல் விலை குறைவு என்றுதான் பேசுவார். நீதான் தொடங்க வேண்டும். யார் போட்ட பந்து, தாழ்வாக வந்ததா மேலே வந்ததா, எந்தப் பக்கம் போயிற்று, எவ்வளவு தூரம், ஓடும்போது என்ன நினைத்தாய். மெதுவாகச் சொல். அவருக்கு இனி எல்லா ஆட்டத்தையும் யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும், முதலில் அதைச் சொல்.

மூன்றாவது சீட்டு வாங்கவில்லை. வாங்கினால் உன் கழுத்தில் கையை வைத்து இழுப்பது போலிருக்கும், நீ வராமல் போனால் அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைக்க எனக்கு மனமில்லை. இந்தக் கடிதத்தைப் பற்றியும் அவருக்குத் தெரியாது, தபால்பெட்டிக்குப் போகிறேன் என்றால் மீனுக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வா என்பார். நீ கோபமாக இருந்தால் அதுவும் சரி, கோபத்தோடேயே வா. வர முடியவில்லை என்றால் உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன், பொய் எழுத வேண்டாம், இருக்கும்.

ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றில் படுக்காதே. வெளியே போனால் காதை மூடிக்கொள், சின்னதிலிருந்து உனக்குக் காதுதான் பலவீனம். கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், நீ தொட்டுப் பழுது பார்க்கிற விமானமெல்லாம் பத்திரமாக இறங்கட்டும், உன் மனதிலும் ஒரு நல்ல பொழுது விடியட்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. லேக்லேண்ட், மார்ச் பதினான்கு, சனிக்கிழமை, ஒரு மணி ஆட்டம், மூன்றாவது பேஸ் பக்கம், அந்தப் பழைய இடம். விமானம் தாமதமானாலும் ஓட வேண்டாம். ஏழாவதுக்கு மேல் வாசலில் சீட்டுக் கேட்க ஆள் இருக்காது, உட்கார இடத்துக்கும் பஞ்சமில்லை. எட்டாவதுக்கு வந்தால்கூடப் போதும். நாங்கள் போயிருக்க மாட்டோம்.

உன் அன்பு அம்மா,
டெல்ஃபின்